பண்டிகைத் தள்ளுபடி நெரிசலுக்கு ஸ்டோர் பிக்கப்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பண்டிகைத் தள்ளுபடி நாட்களில் பெரிய கடைக்குப் போய் வருபவரின் நேரம் மூன்று இடத்தில் கரைகிறது: வண்டி நிறுத்த இடம் பிடிப்பதில், பொருளைத் தேடுவதில், பில் போடும் வரிசையில். ஆன்லைனில் பணம் கட்டிவிட்டுக் கடையில் போய் வாங்கிக்கொள்ளும் ‘ஸ்டோர் பிக்கப்’ சேவை இவற்றில் பின்னிரண்டையும் எடுத்துவிடுகிறது. வண்டி நிறுத்தும் பாடு அப்படியே இருக்கும். அதையும் நேரம் பார்த்துப் போனால் பாதியாகக் குறைக்கலாம். பல கிளைகள் வைத்திருக்கும் கடைகளில் பெரும்பாலும் இந்த வசதி உண்டு. கடைக்குக் கடை பெயர்தான் மாறும், உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். ஆகவே இங்கே எடைபோடுவது எந்த ஒரு கடையையும் அல்ல, இந்தச் சேவையை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டத்தில் இடிபடாமல் தள்ளுபடி விலைக்குப் பொருள் வாங்க இன்றைக்கு இருக்கும் வழிகளில் இதற்குத்தான் முதலிடம். வீட்டு டெலிவரிகூட இதற்கு அடுத்தபடிதான். ஆனால் இது கைகொடுப்பதா காலை வாருவதா என்பது ஒரே இடத்தில் தீர்மானமாகிறது: ‘ஆர்டர் கிடைத்தது’ என்ற மெசேஜுக்கும் ‘பொருள் தயார்’ என்ற மெசேஜுக்கும் நடுவே. இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கிளம்பிவிடுகிறவர்களுக்குத்தான் கவுண்டரில் நின்று வாக்குவாதம் செய்ய நேர்கிறது.

முதல் மெசேஜ் கணினி தானாக அனுப்புவது. பணம் கட்டிய சில நொடிகளில் வந்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் பொருளை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது கடையில் இருக்கிறதா என்றுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டாக் கணக்கில் ஓர் எண் இருக்கிறது, அவ்வளவுதான். அதன்பின் ஆர்டர் கடை ஊழியர் ஒருவரின் கையிலிருக்கும் ஸ்கேனருக்குப் போகும். அவர் ரேக் ரேக்காகத் தேடிப் பொருளை எடுத்து, பார்கோடை ஸ்கேன் செய்து, ஆர்டர் எண்ணை ஒட்டி, பிக்கப் அலமாரியில் வைத்த பிறகே இரண்டாவது மெசேஜ் கிளம்பும்.

தள்ளுபடி நாள் மதியத்தில் அந்த ஊழியர் படும் பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் திரையில் ‘ஹெட்போன், கறுப்பு, இருப்பு 3’ என்று இருக்கிறது. ரேக்கில் அந்த இடம் காலி. விலைச்சீட்டு மட்டும் தொங்குகிறது. பக்கத்திலிருக்கும் வெள்ளை நிறப் பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறார். மேல் தட்டில் பார்க்கிறார். பின்பக்கக் கிடங்கில் பிரிக்காத அட்டைப்பெட்டிகளைப் புரட்டுகிறார். அந்த மூன்றில் ஒன்று யாரோ ஒருவரின் டிராலியில் ஏறிப் பில் வரிசையில் நிற்கிறது. பில் போடும் வரை கணினியைப் பொறுத்தவரை அது ரேக்கில் இருக்கும் பொருள்தான். இன்னொன்றை யாரோ எடுத்து, மனம் மாறி, சட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது எப்போதோ திருடு போயிருக்கலாம். கடைசியில் அவர் ‘இல்லை’ என்று அழுத்துகிறார். உங்கள் போனுக்கு ‘ரத்து’ என்று வருகிறது.

ஊழியரைக் குறைசொல்லிப் பயனில்லை. கடைகளின் ஸ்டாக் கணக்கே அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. ஆய்வாளர்கள் நிக்கோல் டிஹோரேஷியஸும் ஆனந்த் ராமனும் ஒரு பெரிய நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 ஸ்டாக் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 65 சதவீதப் பதிவுகளில் கணினி சொன்ன எண்ணிக்கையும் கடையில் இருந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. திருட்டு மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஒரே விலையுள்ள மூன்று நிறங்களை வாங்கினால், அவசரத்தில் இருக்கும் காசாளர் ஒன்றையே மூன்று தடவை ஸ்கேன் செய்துவிடுவார். ஒரு நிறத்தின் கணக்கில் இரண்டு கூடுதலாகக் குறையும், மற்ற இரண்டின் கணக்கு குறையாமலே நிற்கும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பிழைதான் தள்ளுபடி நாளில் உங்கள் ஆர்டரில் வந்து விடிகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, இருப்பு எண்ணிக்கையைக் காட்டும் தளமானால் 1 அல்லது 2 என்று இருப்பதை ‘இல்லை’ என்றே படியுங்கள். ‘சில மட்டுமே உள்ளன’ என்றாலும் அதே கதைதான். அதே பொருள் வேறு கிளையில் ஐந்தோ பத்தோ இருந்தால், அந்தக் கிளை சற்றுத் தள்ளி இருந்தாலும் அங்கேயே ஆர்டர் போடுங்கள். கவனமாக நடத்தப்படும் கடைகள் கடைசி ஒன்றிரண்டைத் தளத்தில் காட்டாமல் ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன; ரத்து குறைவாக இருக்கும் கடைகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம்: ஆர்டர் போடும் நேரம். மதியம் போட்ட ஆர்டருக்கு ஊழியர் நெரிசலுக்குள் புகுந்து, நூறு வாடிக்கையாளர்களோடு போட்டி போட்டு அந்தப் பொருளை எடுக்க வேண்டும். முந்தின இரவு, கடை மூடிய பிறகு போட்ட ஆர்டரோ மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே, ரேக்குகள் நிரம்பியிருக்கும்போது எடுக்கப்பட்டுவிட வாய்ப்பு அதிகம். உங்களுக்காக ஒருவர் காலியான கடையில் ஷாப்பிங் செய்வதற்குச் சமம் அது. தள்ளுபடி விலை நள்ளிரவில் தளத்தில் ஏறுகிறது என்றால் அப்போதே ஆர்டரை முடித்துவிட வேண்டும். அதற்கு முன்பே ஆப்பில் லாகின் செய்து, முகவரி, கார்டு விவரம், எந்தக் கிளை என்பதையெல்லாம் சேமித்து வைத்திருக்க வேண்டும். கார்ட்டில் பொருளைப் போட்டு வைத்தால் அது உங்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்று நம்பாதீர்கள்; பெரும்பாலான தளங்களில் பணம் கட்டி முடித்தால்தான் ஒதுக்கீடு. ஆப்பில் ‘எனக்குப் பிடித்த கிளை’ என்று பழைய முகவரி ஒன்று அப்படியே இருந்து, ஆர்டர் வேறு ஊர்க் கிளைக்குப் போய்விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பணம் கட்டும் திரையில் கிளையின் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

இனி, எப்போது போய் எடுப்பது? தயார் என்று மெசேஜ் வந்தவுடன் ஓட வேண்டியதில்லை. பொருளைக் கடை சில நாட்கள் வைத்திருக்கும். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கடைக்குக் கடை இது மாறும். மெசேஜிலேயே கடைசித் தேதி இருக்கும். இந்த அவகாசம்தான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு. தள்ளுபடி விலை நீங்கள் பணம் கட்டியபோதே உறுதியாகிவிட்டது. பிறகு எதற்குத் தள்ளுபடி நாளிலேயே போய் இடிபட வேண்டும்? வார நாளில் கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் பொதுவாக நல்லது.

எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று காட்டும், கூகுள் மேப்ஸில் 2015 முதல் இருக்கும் ‘கூட்ட நேர’ வரைபடம் உதவும், ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. அது கடந்த சில மாதங்களின் சராசரி. தள்ளுபடி வாரத்தின் கூட்டம் அதில் ஏறியிருக்காது. அந்த நேரக் கூட்டத்தைக் காட்டும், 2016-இல் சேர்க்கப்பட்ட ‘லைவ்’ பட்டையை மட்டும் பாருங்கள். அது வழக்கமான அளவைத் தாண்டி நின்றால் கிளம்புவதை ஒத்திப்போடுங்கள்.

ஒரு கடையின் பிக்கப் சேவை நல்லதா இல்லையா என்று சொல்ல வேறெதையும் பார்க்க வேண்டாம், கவுண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாசலை ஒட்டி, தனிக் கதவும் தனி வரிசையும் இருந்தால் அந்தக் கடை உங்கள் நேரத்தை மதிக்கிறது. கடையின் கடைக்கோடியில், ரிட்டர்ன் கவுண்டரோடு சேர்த்து ஒரே வரிசையாக வைத்திருந்தால், கூட்டம் முழுவதையும் கிழித்துக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். போகிற வழியில் நாலு பொருள் கண்ணில் படட்டும் என்றே அப்படி வைக்கும் கடைகளும் உண்டு. நெரிசலைத் தவிர்க்க வந்தவரை நெரிசலுக்குள்ளேயே நடக்கவிடுவது இந்தச் சேவையின் நோக்கத்தையே கெடுக்கிறது. அப்படிப்பட்ட கடைக்கு, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், பாதி மதிப்பெண்தான் தர முடியும். தள்ளுபடிக்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பக்கம் போகும்போது கவுண்டரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இருந்தால், கடை வாசலில் காருக்கே கொண்டுவந்து தரும் வசதி இன்னும் மேல். கனமான பெட்டிகளுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆப்பில் ‘வந்துவிட்டேன்’ என்று அழுத்தி, நிறுத்தியிருக்கும் இடத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும். போனில் லொகேஷன் அனுமதியை அணைத்து வைத்திருந்தால் நீங்கள் வந்தது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பலகையில் இருக்கும் எண்ணுக்கு அழைத்துவிடுங்கள். பூட்டிய பெட்டியிலிருந்து நீங்களே பொருளை எடுத்துக்கொள்ளும் லாக்கர் வசதி சின்னப் பொருட்களுக்கு மட்டும் சரி.

கவுண்டருக்குப் போகும்போது, மெயிலில் வந்த பிக்கப் பார்கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். கூட்டம் மொய்க்கும் கட்டடத்துக்குள் டேட்டா சிக்னல் திணறும். மெயிலைத் திறக்க முடியாமல் பின்னால் நிற்பவர்களைக் காக்க வைப்பதே வரிசை நீள்வதற்குப் பெரிய காரணம். அடையாள அட்டையும், பணம் கட்டிய அதே கார்டும் கையில் இருக்கட்டும். வேறொருவரை அனுப்புவதாக இருந்தால் அவர் பெயரை ஆர்டரிலேயே முன்கூட்டிச் சேர்க்க வேண்டும். போனில் சொல்லிவிட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ணி அனுப்பி, அவர் வெறுங்கையோடு திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது.

பொருளை வாங்கியதும் அங்கேயே ஓரமாக ஒதுங்கி நின்று பிரித்துப் பாருங்கள். டிவி, மானிட்டர், கண்ணாடிச் சாமான் என்றால் இது கட்டாயம். கடையை விட்டு வெளியே போன பிறகு ‘உடைந்திருந்தது’ என்றால் நிரூபிப்பது கடினம். பெட்டியிலுள்ள சீரியல் எண், பொருளின் மேல் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளையும் விடாதீர்கள். தள்ளுபடிக்கென்றே தயாராகும் மாடல்கள் உண்டு. பார்க்க வழக்கமான மாடல் போலவே இருக்கும், எண்ணில் ஓர் எழுத்து மாறும், உள்ளே ஒரு எச்டிஎம்ஐ போர்ட் குறைந்திருக்கும் அல்லது பேனல் தரம் தாழ்ந்திருக்கும். அதை ஆர்டர் போடும் முன்பே தயாரிப்பாளரின் தளத்தில் ஒப்பிட்டுவிட வேண்டும். நிதானமாக உட்கார்ந்து இதைப் பார்க்க அவகாசம் தருவது ஆன்லைன் ஆர்டரின் பெரிய லாபம். முண்டியடிக்கும் கூட்டத்தில் யாரும் மாடல் எண்ணைப் படிப்பதில்லை.

விலையும் அப்படித்தான். அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலைக்கு அந்தப் பொருள் எப்போதாவது விற்றதா என்று பாருங்கள். அமேசான் பொருட்களுக்குக் கீப்பா, கேமல்கேமல்கேமல் போன்ற தளங்களில் விலை வரலாறு கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல், தள்ளுபடி என்று விளம்பரப்படுத்தும் கடை அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களின் மிகக் குறைந்த விலையைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட விதி இல்லாத இடத்திலும் நீங்களே அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்: தள்ளுபடிக்கு ஒரு மாதம் முன்பே வேண்டிய பொருட்களின் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

பண விஷயத்தில் குழப்பம் வருவது ‘ஹோல்ட்’ என்பதால். பல கடைகள் ஆர்டர் போட்டதும் பணத்தை எடுப்பதில்லை. கார்டில் அந்தத் தொகையை நிறுத்தி மட்டும் வைக்கின்றன. பொருள் தயாரானதும் அல்லது கையில் கொடுத்ததும்தான் எடுக்கின்றன. ரத்தானால் அந்த நிறுத்தம் விலகச் சில வேலை நாட்கள் ஆகும். கிரெடிட் கார்டில் இது வெறும் வரம்புக் குறைவு. டெபிட் கார்டிலோ உங்கள் சொந்தப் பணமே முடங்கிக் கிடக்கும். அதே பொருளை வேறு கடையில் வாங்கக் கையில் காசில்லாமல் போய்விடும். தள்ளுபடி வாரத்தில் பிக்கப் ஆர்டருக்குக் கிரெடிட் கார்டே நல்லது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் கூப்பன் என்ற ஏற்பாட்டில் இன்னொரு வம்பு இருக்கிறது: ஐந்து பொருளில் ஒன்று ரத்தானால் மொத்தம் அந்த வரம்புக்குக் கீழே இறங்கி, மீதி நான்கின் தள்ளுபடியும் போய்விடலாம். வரம்பை மயிரிழையில் தொடும்படி ஆர்டர் போடாமல் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.

துணிமணிக்கு இந்தச் சேவை அரைகுறைதான். அளவு பார்க்காமல் வாங்கினால் பாதி திரும்பி வரும். இதற்கு ஒரே வழி, தள்ளுபடிக்கு முந்தைய வாரம் அமைதியான நேரத்தில் போய்ப் போட்டுப் பார்த்து, லேபிளிலுள்ள எண்ணையும் அளவையும் போட்டோ எடுத்து வருவது. காலணிக்கும் அப்படியே. போட்டுப் பார்க்க வழியில்லாத புது பிராண்டை பிக்கப்பில் வாங்காதீர்கள்.

கதவு திறந்ததும் முதல் சிலருக்கு மட்டும் என்று அறிவிக்கும் அதிரடி விலைகளைப் பல கடைகள் பிக்கப்பில் சேர்ப்பதில்லை. அந்த விலைக்கு நேரில்தான் போயாக வேண்டும். போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். 2008 நவம்பர் 28 அன்று நியூயார்க் அருகே ஒரு பெரிய கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு கூட்டம் உள்ளே புகுந்ததில் ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். அதன் பிறகே அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறை கடைகளுக்குக் கூட்டக் கட்டுப்பாட்டு வழிமுறைகளை வெளியிட்டது: தடுப்புகள் வாசலிலேயே தொடங்கக் கூடாது, வரிசை நேர்கோடாக இல்லாமல் இடையிடையே இடைவெளியோடு வளைந்து வர வேண்டும், முன்னால் நிற்பவர்களுக்கு டோக்கனோ கைப்பட்டையோ கொடுத்துவிட வேண்டும். கூட்ட நெரிசலை ஆராய்ந்த ஜான் ஃப்ரூயின், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஏழு பேர் என்ற அளவை எட்டும்போது கூட்டம் திரவம் போல ஆகிவிடுகிறது என்கிறார். அதற்குப் பிறகு தனி மனிதரின் கால் எடுத்து வைப்பது அவர் கையில் இல்லை. நான்கு பக்கமிருந்தும் உடம்பில் அழுத்தம் படத் தொடங்கினால், கைகளை மார்புக்கு முன் மடக்கிக்கொண்டு, தள்ளுவது சற்று ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகர்ந்து வெளியே வந்துவிடுங்கள். எந்தத் தள்ளுபடியும் அதற்குமேல் அங்கே நிற்கும் அளவுக்குப் பெரிதல்ல.

வீட்டு டெலிவரியை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்க வேண்டும்? தள்ளுபடி வாரத்தில் கூரியர் கிடங்குகளில் பெட்டி குவிந்து, சொன்ன தேதி தள்ளிப் போகும். பரிசுப் பொருள் பண்டிகைக்குப் பிறகு வந்து என்ன பயன்? போதாததற்கு, ‘உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு தொகை கட்டினால் அனுப்புகிறோம்’ என்று வரும் மோசடி மெசேஜ்களும் இந்த நாட்களில்தான் அதிகம். மெசேஜிலுள்ள லிங்கைத் தொடாமல், கடையின் ஆப்பைத் திறந்து ஆர்டர் நிலையைப் பாருங்கள். பொருளை எடுக்கக் காட்டும் குறியெண்ணான பிக்கப் கோடு விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்: அதைப் போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது, கவுண்டரில் மட்டுமே காட்ட வேண்டும்.

பண்டிகை முடிந்த மறுநாள் ரிட்டர்ன் கவுண்டரில் இன்னொரு கூட்டம் காத்திருக்கும். பிக்கப் செய்ததைத் தபாலில் திருப்பி அனுப்ப முடியுமா என்று வாங்கும்போதே பார்த்துவையுங்கள். முடிந்தால் அந்த வரிசையும் மிச்சம். திருப்பும் கெடு ஆர்டர் தேதியிலிருந்தா, பொருளை எடுத்த தேதியிலிருந்தா என்பதையும் படியுங்கள், ஐந்து நாள் கழித்து எடுத்தவருக்கு இது பெரிய வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஆன்லைனில் பணம் கட்டி வாங்கியதைக் காரணம் சொல்லாமல் ரத்து செய்யப் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் உரிமை உண்டு, சில வகைப் பொருட்களைத் தவிர. ஆன்லைனில் முன்பதிவு மட்டும் செய்துவிட்டுக் கடையில் பணம் கட்டினால் அந்த உரிமை கிடையாது. அது கடையில் வாங்கிய கணக்கில் போய்விடும். இரண்டு பொத்தானும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ‘இப்போதே பணம் கட்டு’ என்பதையே அழுத்துங்கள்.